புகார்ப் புத்தகத்தின் பதினைந்தாம் பக்கம்

அந்தப் பேருந்து பதினோரு வருடங்களில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை. அது கிளம்பியதே இல்லை என்பது வேறு விஷயம்.

தினமும் காலை சரியாக எட்டேகாலுக்கு ஓட்டுநர் அதைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பார். மூன்று முறை ஹாரன் அடிப்பார். கேட் வரை நாற்பது மீட்டர் ஓட்டிப் போய் நிறுத்துவார். நடத்துநர் இறங்கி, சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "அனுமதி பெற்ற பயணிகள்: இல்லை" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு பேருந்து அதே நாற்பது மீட்டரைப் பின்புறமாகவே கடந்து கொட்டகைக்குள் போய்விடும். அதைக் கழுவ ஓர் ஆள், டயருக்குக் காற்றுப் பார்க்க ஓர் ஆள், காற்றுப் பார்த்தாரா என்று பார்க்க இன்னோர் ஆள். எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் தவறாமல் வந்தது.

பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "வெளிநாடு போகிறீர்களா? கையில் காசு இல்லையா? விமான நிலையம் வரை எங்கள் பொறுப்பு! நகரிடை மலிவுப் பயண வாரியம்."

ஊசியக்கா இதை வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று பதினோரு வருடமாகக் கேட்டின் கம்பி வழியாகப் படித்து வந்தாள். யாருக்கோ நல்லது நடக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அவள் சுபாவம் அப்படி. யார் காலை மிதித்தாலும் "பரவாயில்ல" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொல்வாள். மிதித்தவர் மன்னிப்புக் கேட்கும் சிரமத்தைக்கூடக் கொடுக்க மாட்டாள்.

அவள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தாள். அச்சான தாள்களை மடிப்பக்கா நான்கு நான்காக ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்துக் கொடுப்பாள். அந்த மடிப்பின் வழியே நூல் கோத்துத் தைத்துப் புத்தகமாக்குவது இவள் வேலை. ஊசியும் நூலுமாக இருபத்திரண்டு வருடம். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்க்கும்போது யாரோ தெரிந்தவர் பெயர் போல இருக்கும்.

அவளுக்கு ஒரே தங்கை. கடல் தாண்டிய ஒரு நாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். தனி ஆள். அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து, பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது.

"எனக்கு ஆபரேஷன் பயமில்லக்கா. கண்ணு முழிக்கிறப்ப யார் மூஞ்சில முழிக்கிறதுன்னுதான் பயம்," என்றாள் போனில்.

"என் மூஞ்சிலதான். வேற யாரு மூஞ்சி?"

"சத்தியமா?"

"சத்தியமா."

தங்கை சேமிப்பை வழித்துத் துடைத்து விமான டிக்கெட் அனுப்பினாள். பதினாறாம் தேதி இரவு விமானம். விசாவுக்கு ஊசியக்கா தன் சேமிப்பை வழித்துத் துடைத்தாள். ஆக, கடல் தாண்டுவதற்கு வழி இருந்தது. கடல் வரை போவதற்குத்தான் வழியில்லை. விமான நிலையம் ஆறு மணி நேரத் தூரத்தில், இன்னொரு நகரத்தில் இருந்தது. விடுமுறைக் காலம். ரயிலில் கழிப்பறை வாசல் வரை முன்பதிவு முடிந்திருந்தது. தனியார் பேருந்துக்காரர்கள் கட்டணத்தை ஏற்றிய ஏற்றில், அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி வேண்டும்.

அன்றுதான் அவள் முதல்முறையாகக் கேட்டின் கம்பி வழியாகப் படிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்குள் நுழைந்தாள். பயணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

உள்ளே ஏழு ஜன்னல்கள். மூன்றாவது மட்டும் திறந்திருந்தது. மற்ற ஆறிலும் "மூன்றாம் ஜன்னலை அணுகவும்" என்று எழுதியிருந்தது. மூன்றாம் ஜன்னல் எழுத்தர் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, மேசையில் விரித்திருந்த குறுக்கெழுத்துப் போட்டியை மூடினார்.

"வெளிநாடு போற ஆதாரம்?"

விசாவையும் விமான டிக்கெட்டையும் கொடுத்தாள்.

"ஏழைங்கிற ஆதாரம்?"

சம்பளச் சீட்டைக் கொடுத்தாள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சண்டை போட்டுக்கொண்ட கணவன் மனைவியைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார்.

"இது இருந்தா அது இருக்காதேம்மா."

"ரெண்டும் இருக்கே சார்."

"அதான் சொல்றேன். சரி, அதைக் குழு பாத்துக்கும். போட்டோ?"

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "இது உக்காந்திருக்கிற போட்டோ. எங்களுக்குப் பயணத் தோரணையில வேணும். நின்னு, கையில பையோட. முகம் சந்தோஷமாவும் இருக்கக் கூடாது, சோகமாவும் இருக்கக் கூடாது."

"ஏன் சார்?"

"சந்தோஷமா இருந்தா சுற்றுலான்னு ஆயிடும். அதுக்கு வேற பிரிவு. சோகமா இருந்தா அவசரப் பயணம். அதுக்கும் வேற பிரிவு."

"அந்தப் பிரிவெல்லாம் எங்க சார் இருக்கு?"

"விமான நிலையத்துக்குப் பக்கத்துல."

ஸ்டுடியோக்காரர் எட்டுப் படம் எடுத்தார். தங்கை ஞாபகம் வந்தால் முகம் சோகமாகிவிட்டது. தங்கையைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தால் சந்தோஷமாகிவிட்டது. கடைசியில் நூல் தைப்பதை நினைத்துக்கொண்டு நின்றாள். எட்டாவது படம் தேறியது.

படத்தைக் கொடுத்துவிட்டு, குழுவைப் பார்ப்பதற்கான டோக்கனுக்குக் காத்திருந்த நாட்களில்தான் ஓட்டுநரும் நடத்துநரும் பழக்கமானார்கள். ஓட்டுநர் பருத்த, கூச்சமுள்ள மனிதர். ஒன்பது வருடங்களுக்கு முன் பழைய ஓட்டுநர் ஓய்வுபெற்றபோது வந்தவர்.

"நாலாவது கியர்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும்கா. போட்டதில்ல," என்றார்.

நடத்துநர் ஒல்லி. வேலை இல்லாத நேரத்தில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் வாரியத்தின் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார். "விதி நாலு கேளுங்க. அனுமதி பெற்ற பயணியத் தவிர வாரிய ஊழியர் உட்பட யாரும் வண்டியில ஏறக் கூடாது. பயணி சம்மதிச்சா மட்டும் விதிவிலக்கு. இது எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு மழை நாள்ல நம்ம ஆளோட சம்சாரம் கொட்டகையிலேருந்து கேட் வரைக்கும் ஏறி உக்காந்துட்டாங்க. மறுநாளே இயக்குநர் தன் கையால எழுதிட்டாரு."

"காலு சுளுக்கிருந்துச்சுக்கா," என்றார் ஓட்டுநர், இன்னும் ஆறாதவராக.

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சங்கிலியில் தொங்கிய நீல அட்டைப் புத்தகம். புகார்ப் புத்தகம். அவள் தைத்தது. வருடத்துக்கு ஒன்று, இருநூறு பக்கம், பக்க எண்ணோடு, பசையை நம்பாமல் நூலிலேயே நிற்கும் கட்டு என்று வாரியம் ஆர்டர் கொடுக்கும். இதுவரை பதினொன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். தைக்கும்போதெல்லாம், பாவம், எத்தனை பேர் எத்தனை கஷ்டத்தை இதில் எழுதுவார்களோ என்று நூலை இன்னும் ஒரு சுற்று இறுக்குவாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறந்து பார்த்தாள். முதல் பக்கத்தில், "இருநூறு பக்கங்களும் என் பொறுப்பில் உள்ளன. இச்சான்று இல்லாத புத்தகம் செல்லாது" என்று இயக்குநரின் கையெழுத்தும் முத்திரையும். மீதி எல்லாம் வெள்ளை.

"யாரும் எழுதலையா?"

"பயணி மட்டும்தான் எழுதலாம்கா. விதி ஒன்பது," என்றார் நடத்துநர். "வருசக் கடைசில வெறுமையாவே பீரோவுல வச்சிருவாங்க. புதுசு வரும்."

பதினோரு புத்தகம். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு முழ நூல். அவளுக்கு முதல்முறையாக உள்ளே எங்கோ ஒரு சின்ன ஊசி ஏறியது. பரவாயில்லை என்று அதை அமுக்கிவிட்டாள்.

பன்னிரண்டாவது நாள் குழு அவளை அழைத்தது. குளிரூட்டிய அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இயக்குநர், மெழுகு பூசியது போன்ற முகம். வலப்பக்கம் கண்ணாடி போட்டவர், எழுதிக்கொண்டே இருந்தார். இடப்பக்கம் இருந்தவர் கண்ணை மூடியிருந்தார். அது தூக்கமா சிந்தனையா என்று கேட்கும் துணிவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருந்ததில்லை. இந்தப் பக்கம் நாற்காலி இல்லை.

"கையைக் காட்டுங்க," என்றார் இயக்குநர்.

காட்டினாள். விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன புள்ளிகள்.

"உழைக்கிற கை," என்றார் இயக்குநர்.

"உழைக்கிறாங்கன்னா வருமானம் இருக்கு," என்று எழுதினார் கண்ணாடிக்காரர்.

"தங்கச்சிக்கு என்ன?"

"வயித்துல கட்டி சார்."

"எவ்வளவு பெருசு?"

சொன்னாள்.

"நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?"

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்னு..."

"அப்ப இன்னும் உறுதியாகலை. உறுதியாகாத ஒரு காரணத்துக்கு அரசுப் பேருந்தை வெளிய எடுக்கச் சொல்றீங்க." இயக்குநர் அன்பாகவே சொன்னார். "பாருங்கம்மா, நான் ஒரு பெரிய உண்மையச் சொல்றேன். உண்மையான ஏழை வெளிநாடு போக மாட்டான். வெளிநாடு போறவன் உண்மையான ஏழையா இருக்க மாட்டான். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தர் இருக்காரு. அவருக்காகத்தான் இந்த வாரியம்."

"அவரு யாரு சார்?"

"பதினோரு வருசமாத் தேடிட்டிருக்கோம்."

"நான் இல்லையா சார்?"

"நீங்க இருக்கலாம். தங்கச்சிமேல எவ்வளவு பாசம்னு சொல்லுங்க. அளந்துதானே நாங்க அனுமதி கொடுக்க முடியும்?"

அவள் சொல்ல முயன்றாள். அம்மா போன பிறகு தங்கைக்கு இவள்தான் தலை பின்னிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் கையை விடாமல் அழுவாள் அவள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். அதைச் சொல்லும்போது இவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடிக்காரரின் பேனா உடனே அசைந்தது. அச்சகத்தில் இருப்பவர்களுக்குத் தலைகீழ் எழுத்து பழக்கம். மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே அவள் படித்தாள்: "கண்ணீர்: மிதம்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் கண்ணீர் நின்றுவிட்டது. மிதம். அவள் நாற்பத்தேழு வயதுவரை யாரிடமும் காட்டாமல் வைத்திருந்ததை எடுத்து எதிரில் வைத்தால், தராசில் போட்டுப் பார்த்து, மிதம் என்கிறார்கள். வெளியே வரும்போது காவலாளி கதவைத் தெரியாமல் அவள் தோளில் இடித்துவிட்டார். "பரவாயில்ல" என்று வாய் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவரே, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். அது அவளுக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

நான்கு நாள் கழித்து உத்தரவு வந்தது. "தாங்கள் வெளிநாடு செல்வதால் ஏழை அல்ல என்று தெரியவருகிறது. வெளிநாடு செல்லாமலிருப்பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்."

மடிப்பக்கா உத்தரவைப் படித்துவிட்டு, காதிலிருந்த கம்மலைக் கழற்றினாள்.

"வேணாம்கா."

"வாயை மூடு. இதை வச்சுப் பணம் வாங்கி, தனியார் பஸ்ல போய்ச் சேரு. கம்மல் இல்லாட்டி என் காது கேக்காமப் போயிடுமா?"

இருவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினார்கள். தனியார் பேருந்து நிலையத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இருபதாம் தேதிவரை ஒரு இருக்கைகூட இல்லை. "பத்து நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நிறைய இருந்துச்சே," என்றாள். பத்து நாள் முன்பு ஊசியக்கா சந்தோஷமும் சோகமும் இல்லாத முகத்தோடு வாரியத்தில் டோக்கனுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அன்று தைத்த புத்தகங்களை மடிப்பக்கா எடுத்துப் பார்த்து, "என்னடி இது, கல்லு மாதிரி இறுக்கியிருக்க?" என்றாள். ஊசியக்கா கையிலிருந்த கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். இருபத்திரண்டு வருடம் சேர்ந்த "பரவாயில்ல"க்கள் எல்லாம் பரவாயில்லாமல் போனது அன்றுதான். எங்கே போய் அதைக் கொட்டுவது என்று தெரியாமல் நூலை இறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு முறை போனை எடுத்து இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

பதினைந்தாம் தேதி காலை, அச்சகத்தின் முன் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. குழுவின் மூன்று பேரும் இறங்கினார்கள். மூன்றாமவர் கண் முழுதாகத் திறந்திருந்தது. அதை முதலில் பார்த்தவள் என்ற பெருமை மடிப்பக்காவுக்குக் கிடைத்தது.

நடந்தது இதுதான். வெளிநாட்டு அமைப்பு ஒன்று வாரியத்துக்கு உலக விருது கொடுக்க முன்வந்திருந்தது. பதினோரு வருடமாக விபத்தில்லை, தாமதமில்லை, புகாரில்லை. உலகத்தில் வேறு எந்தப் பேருந்துக்கும் இந்தப் பெருமை இல்லை. விருதுக் குழு விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டது. இயக்குநரையும் உறுப்பினர்களையும் கையோடு விழாவுக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். அதற்கு முன் ஒரே ஒரு சின்ன ஆசை: அந்தப் பேருந்து ஒரு பயணியோடு வந்து சேர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பயணியின் விசாவையும் பார்ப்பார்கள். அதனால் அலுவலக ஊழியரை வேஷம் கட்டி ஏற்ற முடியாது. இதுவரை நிராகரித்த முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களையும் புரட்டியதில், பதினாறாம் தேதி போக வேண்டியவர் ஒருவர்தான் இருந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி," என்றார் இயக்குநர்.

ஊசியக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இந்தக் கட்டு முடியட்டும் சார்."

நாற்காலி இல்லை. மூன்று பேரும் தாள் குவியல்களுக்கு நடுவே நின்றார்கள். ஒரு கட்டு முடிந்தது. இன்னொரு கட்டை எடுத்தாள். மடிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நம்ம பஸ்ல நீங்க போகலாம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"நான் ஏழை இல்லையே சார். எழுத்துல கொடுத்திருக்கீங்களே."

"அது மறுபரிசீலனைல..."

"எழுத்துல கொடுங்க. பழசு ரத்து, புதுசு அனுமதி, முத்திரையோட. இன்னைக்கே வேணும்."

"சாயந்தரத்துக்குள்ள அனுப்பிடறோம்," என்று இயக்குநர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

ஊசியக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவரைக் கூர்ந்து பார்த்தாள். "ரொம்பச் சந்தோஷமா இருக்கீங்க சார். கொஞ்சம் குறைச்சுக்கங்க."

அவர் குறைத்துக்கொண்டார்.

"இப்ப ரொம்பச் சோகமாயிட்டீங்க. நடுவுல நில்லுங்க."

ஒரு மாகாணத்தின் பயணத் துறையே பயப்படும் அந்த முகம், தாள் கத்தரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, சந்தோஷத்துக்கும் சோகத்துக்கும் நடுவே இடம் தேடித் தத்தளித்ததை மடிப்பக்கா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு அனுமதிச் சீட்டு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை பேருந்துக்குப் பூமாலை. கேட்டுக்கு முன் ஒரு மேடை, ஒலிபெருக்கி. ஊசியக்கா ஒரு பெட்டியோடு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்பது இருக்கைகள் காலியாக இருந்தன. கீழே இயக்குநர் புதுக் கோட்டில் பேசினார்.

"நண்பர்களே! பதினோரு ஆண்டுகளில் ஒரு விபத்து உண்டா? இல்லை. ஒரு தாமதம் உண்டா? இல்லை. ஒரு புகார் உண்டா? இல்லை. மற்ற நிறுவனங்கள் செய்யும் தவறு என்ன? பயணிகளை ஏற்றிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்றுகூட நாம் ஒரே ஒருவரைத்தான் ஏற்றுகிறோம். அதுவும் வேறு வழியில்லாமல்!"

கைதட்டல் அடங்கியதும் மணி எட்டுப் பத்து. மூன்று பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார்கள். நடத்துநர் குறுக்கே கையை நீட்டினார். ஒன்பது வருடமாகத் தேய்த்துத் தேய்த்துப் போட்ட சீருடை. இன்றுதான் அதற்கு வேலை.

"அனுமதிச் சீட்டு?"

"யோவ், நான்தான்யா இயக்குநர்."

"தெரியும் சார். சீட்டு?"

"அந்தச் சீட்டக் கொடுக்கிறதே நான்தானே!"

"விதி நாலு சார். ஊழியர் உட்பட. நீங்க எழுதினதுதான், உங்க கையெழுத்துக்கூட அழகா இருக்கு. பயணி சம்மதிச்சா ஏறலாம்."

ஓட்டுநர் இஞ்சினைக் கிளப்பினார். அவர் முகம் நேராக இருந்தது. ஆனால் காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

எல்லோரும் ஊசியக்காவைப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள், காற்றுப் பார்ப்பவர், காற்றுப் பார்த்தாரா என்று பார்ப்பவர், எல்லோரும். அவளுக்குள் அந்தப் பழைய வார்த்தை கிளம்பித் தொண்டைவரை வந்தது. பரவாயில்ல, ஏறிக்கட்டும். வயசானவங்க. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நல்லவள் என்று பெயர். யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெயரோடுதான் இவ்வளவு நாளும் இருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் அவளை நிற்கத்தான் வைத்தார்கள்.

படியருகே வந்து இயக்குநரின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"சாருக்கு முகம் சந்தோஷமா இருக்கு," என்றாள் நடத்துநரிடம். "சுற்றுலா மாதிரி தெரியுது. அதுக்கு வேற பிரிவு."

"அம்மா, விளையாடாதீங்க! கண்ணு கலங்கிடுச்சு பாருங்க!" என்றார் இயக்குநர். உண்மையாகவே கலங்கித்தான் இருந்தது.

ஊசியக்கா குனிந்து பார்த்தாள். "மிதம்," என்றாள்.

மணி எட்டேகால். பதினோரு வருடச் சாதனையைக் கெடுக்க ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. மூன்று ஹாரன். நாற்பது மீட்டர். கேட் துருப்பிடித்துப் பாதிக்கு மேல் திறக்க மறுத்தது. காவலாளியும் கழுவுபவரும் சேர்ந்து தள்ளினார்கள். பேருந்து வெளியே வந்து, வாழ்நாளில் முதல்முறையாக இடதுபக்கம் திரும்பியது.

நகர எல்லை தாண்டியதும் ஓட்டுநர் நாலாவது கியர் போட்டார். போட்டுவிட்டுக் கியரை ஒரு தடவை தட்டிக் கொடுத்தார். பிறகு, "அக்கா, என் சம்சாரத்தக் கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்றார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே. சம்மதிச்சிருப்பேனே."

ஊசியக்கா கையை நீட்டினாள். "அந்தப் புத்தகத்தைக் கொடுங்க தம்பி."

நடத்துநர் சங்கிலியைக் கழற்றி, நீல அட்டைப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஒன்றாக மடித்துத் தைத்த முதல் கட்டை விரித்து மடிப்பை விரலால் தடவினாள். நான்கு தாள், எட்டு ஏடு, பதினாறு பக்கம். வெளித் தாளின் முன்பாதியில் முதல் பக்கம், இயக்குநரின் சான்றிதழ். அதே தாளின் பின்பாதிதான் பதினைந்தாம் பக்கம். இது தைத்தவளுக்குத் தெரியும். தைத்ததைத் திறந்துகூடப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஏழு ஜன்னல்களை எழுதினாள். எட்டுப் போட்டோக்களை எழுதினாள். நாற்காலி இல்லாத அறையை எழுதினாள். பேருந்து குலுங்கும் இடத்தில் நிறுத்தி, சமமான சாலையில் தொடர்ந்தாள். பதினான்காம் பக்கத்துக்கு வந்தபோது எழுத்தைக் கொஞ்சம் அகட்டி எழுதி நிரப்பிவிட்டு, மிகக் கொடுமையானதைப் பதினைந்தாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். இயக்குநர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள், ஒரு புள்ளி மாறாமல். நல்ல கட்டியா கெட்ட கட்டியா. பாசத்தை அளந்து சொல்லுங்க. கண்ணீர்: மிதம். அதை எழுதும்போது அவள் அழவில்லை. கடைசி வரிக்குப் பிறகு, இதுவரை எந்த வேலையிலும் கிடைக்காத ஒரு திருப்தியோடு தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, இன்னும் மூன்று மணி நேரப் பயணம் இருந்ததால், பதினாறாம் பக்கத்திலிருந்து தொடர்ந்தாள்.

"இன்னொரு பேனா தரட்டுமாக்கா?" என்றார் நடத்துநர்.

விமான நிலைய வாசலில் விருதுக் குழு பூச்செண்டோடு நின்றது. அவர்களில் நம் மொழி தெரிந்த ஒரு பெண்மணி, விசாவைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் முதல் பயணியா? எப்படி இருந்துச்சு?" என்றாள். ஊசியக்கா பூச்செண்டை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தாள். அந்தப் பெண்மணி அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். படிக்கப் படிக்க மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள்.

வாடகைக் கார் கிடைத்து இயக்குநர் வந்து சேர்ந்தபோது, பேருந்து வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. விடுமுறைக் காலக் கட்டணம். கோட்டு கசங்கியிருந்தது. ஊசியக்கா சோதனை வரிசையில், கண்ணாடிச் சுவருக்கு உட்பக்கம் நின்றிருந்தாள். எல்லாம் ஊமைப்படம்போலத் தெரிந்தது. அவர் சிரிக்கிறார். கை குலுக்குகிறார். "ஒரு நிமிசம் பாக்கலாமா" என்பதுபோல் புத்தகத்தை வாங்குகிறார். புரட்டுகிறார். ஒரு பக்கத்தில் நிற்கிறார். திரும்பி நின்று, இருமுவதுபோல் குனிந்து, ஒரே இழுப்பில் அந்த ஏட்டைக் கிழிக்கிறார்.

ஏடு வந்துவிட்டது. நூல் அசையவில்லை. ஆனால் மறுபாதிக்குப் பிடிமானம் போய்விட்டதே. புத்தகத்தின் முதல் ஏடு, அவருடைய சான்றிதழ், கையெழுத்தும் முத்திரையுமாகக் கழன்று, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நம் மொழி தெரிந்த பெண்மணியின் காலடியில் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துப் படித்தாள். பிறகு அவர் கைக்குள் கசங்கியிருந்ததைப் பார்த்து, உள்ளங்கையை நீட்டினாள்.

"வரிசை நகருதும்மா," என்றார் பின்னால் நின்றவர்.

"இருங்க," என்றாள் ஊசியக்கா. "இதை முழுசாப் பாத்துட்டு வர்றேன்."

முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பதினெட்டாம் தேதி மாலை தங்கை கண் விழித்தபோது, முதலில் தெரிந்தது அக்காவின் முகம். நல்ல கட்டிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தங்கை வறண்ட உதட்டால் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்ததுபோல அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா. பயணம் எப்படிக்கா இருந்துச்சு? ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

பரவாயில்ல என்று சொல்லத்தான் ஊசியக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடி, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப," என்றாள். "முப்பத்திரண்டு பக்கம். மொதல்லேருந்து சொல்றேன், கேளு."